பசால்ட்டில் பச்சையாகத் தெரிவதெல்லாம் குளோரைட் இல்லை: மாற்றக் கனிமங்களை இனங்காணும் முறை

எரிமலைப் பாறைத் துண்டில் பச்சையாக ஏதாவது தெரிந்தால் நோட்டில் ‘குளோரைட்’, வெள்ளையாகத் தெரிந்தால் ‘சியோலைட்’, சிவப்பாகத் தெரிந்தால் ‘இரும்பு’ என்று எழுதிவிட்டு அடுத்த கல்லுக்குப் போய்விடுகிற பழக்கம் நிறையப் பேருக்கு இருக்கிறது. மாணவர்களிடம் மட்டுமில்லை, துளைக் கோர் (துளையிட்டு எடுக்கும் உருளைப் பாறைத் துண்டு) பதிவு செய்கிற அனுபவஸ்தர்களிடமும் இதைப் பார்க்கலாம். குளோரைட் அதிகச் சூட்டில் வரும் பச்சைக் கனிமம், சியோலைட் நீரை உள்ளே வைத்திருக்கும் கனிமக் குடும்பம்; தண்ணீர் பாறையை மாற்றும்போது வரும் இப்படிப்பட்டவைதான் மாற்றக் கனிமங்கள். தக்காண பசால்ட்டில் இந்த மூன்றில் முதலாவது பெரும்பாலும் தவறாகவே முடியும், இரண்டாவதும் பல நேரம் தவறு, மூன்றாவது எதையுமே சொல்லாத சொல். பெயர் தப்பாவதுகூடப் பரவாயில்லை. பெயரை முதலில் எழுதிவிட்டால், அந்தப் பொருள் பாறையில் எங்கே இருந்தது, எதன் மேல் படிந்திருந்தது, எந்தப் படிகத்தை அரித்துவிட்டு அதன் இடத்தில் வந்தது என்பதை அப்புறம் யாரும் எழுதுவதில்லை. வகைப்படுத்தலுக்கு அடிப்படையே அந்தத் தகவல்தான். பெயரை ஆய்வகம் பிறகு திருத்தித் தரும். இருந்த இடத்தை ஆய்வகத்தால் திருத்தித் தர முடியாது.

இந்தக் குறிப்பில் நான் எடுத்துக்கொள்வது தக்காணத்தைத்தான். சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் அடுக்கடுக்காக வழிந்த எரிமலைக் குழம்பு இன்றைக்கும் ஏறத்தாழ 5 லட்சம் சதுர கிலோமீட்டரை மூடிக்கொண்டு கிடக்கிறது. மகாராஷ்டிரத்தின் பெரும்பகுதி, குஜராத், மத்தியப் பிரதேசம், வட கர்நாடகம், தெலங்கானாவின் ஒரு பகுதி எல்லாம் அதில் சேர்த்தி. மாற்றக் கனிமங்களைக் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல இடம் உலகத்திலேயே குறைவு. தமிழ்நாட்டிலிருந்து போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: நம் ஊரில் கருங்கல் என்று ஜல்லிக்கு உடைப்பது பெரும்பாலும் சார்னோகைட்டும் நைஸும். அவை ஆழத்தில், கடும் வெப்பத்தில் உருமாறியவை. குமிழ்க்குழி (குழம்பில் வாயுக் குமிழ் விட்டுச்சென்ற வெற்றிடம்) என்ற பேச்சே அங்கே கிடையாது. அந்தக் கண்ணோடு பசால்ட்டைப் பார்த்தால் குழியில் நிரம்பியிருக்கும் படிகத்தையும் பாறையோடு பிறந்த படிகத்தையும் ஒன்றாக எண்ணிவிடத் தோன்றும்.

முதலில் மாறாத கல் எப்படி இருக்கும் என்று தெரிந்திருக்க வேண்டும்

மாறாத தக்காண பசால்ட் கருஞ்சாம்பல் நிறம், அடர்த்தி சுமார் 2.9 முதல் 3.0, சுத்தியலால் தட்டினால் கணீர் என்று ஒலிக்கும், உடைந்த முகம் கூர்மையாக இருக்கும். உள்ளே இருப்பவை நாலே பொருட்கள்தான்: பிளாஜியோகிளேஸ் ஃபெல்ட்ஸ்பார் (பெரும்பாலும் லாப்ரடோரைட்), ஆகைட் (பைராக்சீன் வகை), டைட்டானியம் கலந்த மேக்னடைட், மிச்சத்துக்குக் கண்ணாடி (படிகமாகாமல் உறைந்த குழம்பு). சில லாவா ஓட்டங்களில் ஆலிவின் சேரும். மாற்றம் என்றால் தண்ணீர் உள்ளே புகுந்து இந்த நாலைந்தில் ஒன்றையோ எல்லாவற்றையுமோ வேறொன்றாக்குவது, அல்லது இவற்றிலிருந்து கரைத்து எடுத்ததை வேறிடத்தில் படிய வைப்பது.

எது முதலில் மாறும் என்பதில் ஒரு வரிசை உண்டு. கண்ணாடியும் ஆலிவினும்தான் முதல் பலி, பைராக்சீனும் பிளாஜியோகிளேஸும் அதற்குப் பிறகுதான். ஆகையால் பிளாஜியோகிளேஸ் மங்கி வெள்ளைப் பொடியாகிவிட்டது, ஆனால் ஆலிவின் மட்டும் பளபளவென்று இருக்கிறது என்று உங்கள் குறிப்பு சொன்னால் ஏதோ சரியில்லை என்று அர்த்தம். லென்ஸை எடுத்து மறுபடி பாருங்கள்.

ஒரு நடைமுறை யோசனை. எந்தக் குவாரிக்குப் போனாலும், எந்தக் கோர் பெட்டியைத் திறந்தாலும், ஓட்டத்தின் நடுப்பகுதியிலிருந்து இருப்பதிலேயே புதிதான துண்டு ஒன்றைத் தேடி எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மற்ற எல்லாவற்றையும் அதோடு ஒப்பிட்டுத்தான் பேச வேண்டும். ஓட்டத்தின் நடுப்பகுதி குமிழ் இல்லாமல் கெட்டியாக இருக்கும், தண்ணீர் எளிதில் புகாது. மேல் ஓட்டில் குமிழ்கள் நெருக்கமாக இருக்கும், அங்கேதான் மாற்றம் கொழித்துக் கிடக்கும். அடிப்பகுதியில் செங்குத்தாகக் குழாய் போன்ற நீள்குமிழ்கள் தெரிந்தால் அது ஓட்டத்தின் அடி என்று எடுத்துக்கொள்ளலாம்.

எங்கே இருக்கிறது?

நான்கு இடங்கள். பாறையின் நுண்தளத்திலேயே (பெரிய படிகங்களுக்கு இடையிலுள்ள நுண்ணிய பகுதி) பரவியிருக்கிறதா, ஒரு படிகத்தை அதன் உருவம் கெடாமல் மாற்றி நிற்கிறதா, குமிழ்க்குழியை நிரப்பியிருக்கிறதா, விரிசலில் படிந்திருக்கிறதா. இந்த நான்கில் எது என்பதை முதல் வரியில் எழுதுங்கள். குழியையும் விரிசலையும் நிரப்பியது வெளியிலிருந்து கரைசலாக வந்து படிந்த பொருள். நுண்தளத்திலும் படிகத்திலும் இருப்பது அதே இடத்தில் உருமாறிய பொருள். ஒரே சப்போனைட் களிமண் இந்த நான்கிலும் இருக்கலாம், ஆனால் நான்கும் ஒரே காலத்தில் வந்திருக்க வேண்டும் என்பதில்லை.

கடலடிப் பாறையைத் துளைத்து ஆராய்கிறவர்கள் இதில் இன்னொரு நல்ல வழக்கத்தை வைத்திருக்கிறார்கள், நிலத்தில் வேலை பார்க்கிறவர்களும் அப்படியே எடுத்துக்கொள்ளலாம். விரிசலுக்கு இரண்டு பக்கமும் பாறையின் நிறம் மாறி ஒரு பட்டை ஓடும் அல்லவா, அந்தப் பட்டையைத் தனியாகவும், பட்டைக்கு வெளியே இருக்கிற பொதுவான மாற்றத்தைத் தனியாகவும் பதிவு செய்வார்கள். பட்டை பழுப்பாக இருந்து வெளியே கருஞ்சாம்பலாக இருந்தால், விரிசல் வழியே ஆக்சிஜன் உள்ள தண்ணீர் ஓடியிருக்கிறது, உட்பகுதிக்கு அது எட்டவில்லை என்று படிக்கலாம். பட்டையின் அகலத்தை மில்லிமீட்டரில் அளந்து எழுதுங்கள். ‘விரிசலோரம் நிறமாற்றம்’ என்று பொதுவாக எழுதினால் பிறகு அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது.

கையோடு வைத்திருக்க வேண்டியவை

பத்து மடங்கு லென்ஸ், பேனாக்கத்தி, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் (10 சதவீதம் போதும்), ஒரு சிறிய காந்தம், தண்ணீர் தெளிக்கும் பாட்டில், லைட்டர், சின்னக் கண்ணாடிச் சோதனைக் குழாய். கல்லை உடைக்கும்போது கண்ணுக்குக் கண்ணாடி போடாமல் உடைக்காதீர்கள். பசால்ட் சில்லு கத்தி மாதிரி பறக்கும். கல்லை நனைத்துப் பார்ப்பது முக்கியம், காய்ந்த முகத்தில் தெரியாத பட்டைகளும் நாளங்களும் (கனிமம் நிரம்பிய விரிசல்கள்) ஈரத்தில் எழுந்து நிற்கும். ஆனால் நிறத்தை எழுதும்போது ஈரமா காய்ந்ததா என்று சேர்த்து எழுதுங்கள்.

பச்சைப் பொருட்கள்

இங்கேதான் நிதானம் வேண்டும். தக்காணத்தில் பச்சையாகத் தெரியக்கூடியவை குறைந்தது ஐந்து: செலடோனைட், சப்போனைட், நான்ட்ரோனைட், குளோரோபயைட் என்ற பெயரில் கூட்டமாக வழங்கும் களிமண் கலவை, கடைசியாகக் குளோரைட். பச்சை அபோஃபிலைட்டும் பிரேனைட்டும் வேறு இருக்கின்றன, ஆனால் அவை படிகமாகவும் கடினமாகவும் இருப்பதால் குழப்பம் குறைவு.

செலடோனைட் நீலம் கலந்த பச்சை, மண் போல மந்தமாக இருக்கும், நகத்தால் கீறினாலே பொடியாக வரும். குமிழ்க்குழியின் சுவரில் முதல் பூச்சாக ஒட்டியிருப்பது இதன் வழக்கமான இடம். பொட்டாசியமும் இரும்பும் உள்ள மைக்கா வகை இது, களிமண் போலத் தெரிந்தாலும் தண்ணீரில் ஊதாது. முக்கியமான அடையாளம், காற்றுபட்டாலும் அதன் நிறம் அப்படியே இருக்கும். நூற்றாண்டுகளாகப் பச்சை நிறமியாகப் பயன்பட்டதற்கு அந்த நிலைத்தன்மைதான் காரணம். அஜந்தா ஓவியங்களில் உள்ள பச்சையும் இந்தப் பச்சை மண் வகை நிறமிதான்.

குளோரோபயைட் நேர் எதிர். புதிதாக உடைத்த முகத்தில் ஆலிவ் பச்சையாக, கொஞ்சம் ஒளி ஊடுருவும் மெழுகு போல இருக்கும். உடைத்துக் கொஞ்ச நேரத்திலேயே நறுக்கி வைத்த வாழைக்காய் மாதிரி கறுக்கத் தொடங்கிவிடும். உள்ளிருக்கும் இரும்பு காற்றில் ஆக்சிஜனேற்றம் அடைவதுதான் விஷயம். ஆகவே கறுப்பாக, தார் போல மினுங்கும் புள்ளிகள் நிறைந்த பழைய வெட்டுமுகத்தைப் பார்த்தால் அதையே பார்த்து எழுதாமல், ஒரு துண்டைப் புதிதாக உடையுங்கள், உடைத்த உடனே நிறத்தை எழுதுங்கள் அல்லது படம் எடுங்கள், ஒரு மணி நேரம் கழித்தும் மறுநாளும் மறுபடி பாருங்கள். கறுத்தால் குளோரோபயைட் கூட்டம், மாறாமலிருந்தால் செலடோனைட் பக்கம். ஒரு பைசா செலவில்லாத சோதனை இது, ஆனால் இதைச் செய்கிறவர்கள் ரொம்பக் குறைவு. குளோரோபயைட் என்பது ஒரே கனிமத்தின் பெயர் இல்லை என்பதையும் நினைவில் வையுங்கள். இரும்பு நிறைந்த சப்போனைட், நான்ட்ரோனைட் போன்ற ஸ்மெக்டைட் (தண்ணீரில் ஊதும்) களிமண்கள் கலந்த பொருள் அது. களக் குறிப்பில் அந்தப் பெயரை எழுதலாம், ஆய்வறிக்கையில் ‘ஸ்மெக்டைட்’ என்று சோதித்து எழுதுவதுதான் நேர்மை.

சப்போனைட் வெளிர்ப்பச்சையிலிருந்து கரும்பச்சை வரை, சோப்புக் கட்டி போல வழுக்கும். ஈர நாக்கில் வைத்தால் ஒட்டும். ஒரு சிறு துண்டைத் தண்ணீரில் போட்டால் ஊதி, விரிந்து, சிலசமயம் கூழாகிவிடும். நான்ட்ரோனைட் மஞ்சள் கலந்த பச்சை, ஆக்சிஜன் தாராளமாக இருந்த இடத்தில் வரும். இந்த இரண்டையும் வெறும் கண்ணால் பிரிக்க முடியாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். குறுஅலை அகச்சிவப்பு அளவி கையில் இருந்தால் உதவும்: நான்ட்ரோனைட்டின் உறிஞ்சல் 2.29 மைக்ரோமீட்டர் பக்கமும் சப்போனைட்டினுடையது 2.31 பக்கமும் விழும்.

குளோரைட்டுக்கு வருவோம். ஐஸ்லாந்தின் புவிவெப்பக் கிணறுகளில் ஆழத்துக்கு ஆழம் வெப்பத்தை அளந்து கனிமங்களோடு ஒப்பிட்டிருக்கிறார்கள். அங்கே சுமார் 200 டிகிரி செல்சியஸ் வரை ஸ்மெக்டைட்தான் ஆட்சி. 200-க்கும் 230-க்கும் இடையில் கலப்படுக்குக் களிமண் (ஸ்மெக்டைட்டும் குளோரைட்டும் அடுக்கடுக்காகக் கலந்தது). குளோரைட் தனியாகத் தலையெடுப்பது சுமார் 230-240 டிகிரிக்கு மேல், எபிடோட் என்ற இன்னொரு பச்சைக் கனிமமும் அந்த வாக்கில்தான். அதே துண்டில் சாபசைட், ஹ்யூலண்டைட் போன்ற குறைந்த சூட்டுச் சியோலைட்டுகள் கொழித்திருக்கும்போது பச்சையைக் குளோரைட் என்று எழுதினால், ஒரே குழிக்கு இரண்டு வெவ்வேறு வெப்பநிலைகளைச் சொல்கிறீர்கள். இரண்டு கட்டமாக நடந்தது என்று காட்ட ஆதாரம் இருந்தால் சரி, இல்லையென்றால் அது களிமண்தான்.

வெள்ளைப் பொருட்கள்

முதல் வேலை அமிலம். ஒரு சொட்டு விட்டால் பொங்கினால் கால்சைட், கதை முடிந்தது. பொங்காவிட்டால் கத்தி. கத்தி கீறாமல் வழுக்கினால் குவார்ட்ஸ், கால்செடனி, அகேட் குடும்பம் (கடினம் 7), அல்லது வெளிர்ப்பச்சையாக மொட்டு மொட்டாக இருந்தால் பிரேனைட் (6 முதல் 6.5). கத்தி கீறினால் சியோலைட்டாக இருக்க வாய்ப்பு அதிகம், ஆனால் அபோஃபிலைட்டும் ஓகெனைட்டும் கைரோலைட்டும் அதே வரம்பில்தான் வரும், அந்த மூன்றும் சியோலைட் இல்லை.

அடுத்தது உருவம். ஸ்டில்பைட் நடுவில் இறுகி இரு முனையிலும் விரிந்த கற்றையாக வளரும். ஹ்யூலண்டைட் தட்டையான, நடுவில் அகன்ற பட்டைப் படிகம். இரண்டுக்கும் ஒரு முகத்தில் முத்துப்போன்ற மினுக்கு உண்டு. அபோஃபிலைட் சதுரக் குறுக்குவெட்டு, பக்க முகங்களில் நீளவாக்கில் மெல்லிய வரிகள், தலையை வெட்டினால் தட்டையாகப் பிளந்து முத்து மினுக்குத் தெரியும். சாபசைட் கனசதுரம் மாதிரி தெரியும் சாய்சதுரம், கால்சைட்டோடு குழம்பும், அமிலம் பிரித்துவிடும். அனால்சைம் பல முகங்கள் கொண்ட உருண்டைப் படிகம். ஸ்கோலசைட், மெசோலைட், நேட்ரோலைட் மூன்றும் ஊசி. கையில் வைத்துப் பிரிக்க முயன்று நேரத்தை வீணாக்காதீர்கள், ‘ஊசிச் சியோலைட்’ என்று எழுதிவிட்டு மாதிரி எடுங்கள். ஓகெனைட் வளையக்கூடிய வெள்ளை இழைகளாக உருண்டு திரண்டிருக்கும், புனே, மும்பைப் பக்கத்துக் குவாரிகளில் பிரபலம். வெள்ளைப் படிகங்களின் மேல் கரும்நீலமாக ஒன்று உட்கார்ந்திருந்தால், அதுவும் புனேயை ஒட்டிய வாகோலியில் எடுத்தது என்றால், அது கவன்சைட். வெனடியம் உள்ள சிலிகேட். உலகம் முழுக்க அருங்காட்சியகங்களில் இருக்கும் நல்ல கவன்சைட் பெரும்பாலும் அந்த ஓரிடத்திலிருந்து போனதுதான்.

லாமண்டைட்டைத் தனியாகச் சொல்ல வேண்டும். எடுக்கும்போது கண்ணாடி போலத் தெளிவாக இருக்கும், வெயிலில் காய்ந்தால் நீரை இழந்து சுண்ணாம்புபோல வெளுத்து, தொட்டாலே உதிரும். உதிர்ந்து கிடக்கும் வெள்ளைப் பொடியைப் பார்த்து மட்கிய ஃபெல்ட்ஸ்பார் என்று எழுதிவிட வேண்டாம். உதிர்வதே இதன் அடையாளம், அதுவும் இது சியோலைட்டுகளில் அதிகச் சூட்டைச் சொல்கிற கனிமம் என்பதால் தவறவிட்டால் நஷ்டம்.

சந்தேகமாக இருந்தால் சூடு காட்டுங்கள். கோதுமை அளவு துண்டைச் சோதனைக் குழாயில் போட்டு லைட்டரில் காட்டினால், சியோலைட் என்றால் குழாயின் குளிர்ந்த மேல்பகுதியில் நீர்த்துளி பனிக்கும். ஸ்டில்பைட் ஊதி விரியும், ஸ்கோலசைட் புழுவாகச் சுருளும். அபோஃபிலைட்டும் நீரைவிடும் என்பதால் இது மட்டுமே தீர்ப்பு இல்லை, ஆனால் ஃபெல்ட்ஸ்பாரையும் குவார்ட்ஸையும் கழித்துக்கட்ட இது போதும்.

பழுப்பு, மஞ்சள், சிவப்பு

எரிமலைக் கண்ணாடி தண்ணீரைக் குடித்து மாறினால் பலகோனைட். தேன் மஞ்சளிலிருந்து பழுப்பு வரை, மெழுகு மினுக்கு. லாவா தண்ணீரில் விழுந்து சடாரென்று குளிர்ந்து கண்ணாடியான இடங்களில் தேடுங்கள். மும்பைத் தீவின் தலையணை லாவாக்களின் விளிம்பும் நொறுங்கிய கண்ணாடிப் பாறைகளும் நல்ல உதாரணம். நிலத்தில் நிதானமாக ஆறிய தடித்த ஓட்டத்தின் நடுவில் மஞ்சள் பொருளைப் பார்த்துப் பலகோனைட் என்று எழுதினால் அது கண்ணாடியாக இருந்ததற்கு என்ன ஆதாரம் என்ற கேள்வி வரும்.

ஆலிவினின் உருவம் அப்படியே இருந்து நிறம் மட்டும் செம்பழுப்பாகியிருந்தால் இடிங்சைட், பச்சையாகியிருந்தால் பௌலிங்கைட். இரண்டும் தனிக் கனிமம் இல்லை, களிமண் கலவைதான். இடிங்சைட்டில் இரும்பு ஆக்சைடும் சேர்ந்திருக்கும். செம்பழுப்பு என்றால் ஆக்சிஜன் இருந்திருக்கிறது என்பது இதில் கிடைக்கும் பயனுள்ள செய்தி.

ஓட்டத்துக்கும் ஓட்டத்துக்கும் இடையே செங்கல் நிறத்தில் ஒரு மண் அடுக்கு ஓடுவதைச் சாலை வெட்டுகளில் பார்ப்பீர்கள், ‘ரெட் போல்’ (red bole) என்று சொல்வார்கள். சில சென்டிமீட்டரிலிருந்து ஒரு மீட்டருக்கு மேலும் இருக்கும். இது ஒரு ஓட்டம் ஆறி அடுத்தது வருவதற்குள் நடந்த மாற்றம்; மகாபலேஷ்வர், பஞ்ச்கனி மேட்டுநிலத்தின் தலையில் தொப்பிபோட்ட செம்புரைக்கல்லோ லாவா எல்லாம் ஓய்ந்தபின் மழையும் காலமும் செய்தது. இரண்டும் சிவப்பு, இரண்டும் இரும்பு. வகை வேறு, அறிக்கையில் ஒரே தலைப்பின் கீழ் போடக் கூடாது. செம்புரைக்கல்லில் கயோலினைட், கிப்சைட், கோத்தைட் எதிர்பாருங்கள். மழை குறைந்த உள்மாவட்டங்களில் அதே பசால்ட் மட்கினால் செம்புரைக்கல் வராது, ஸ்மெக்டைட் நிறைந்த கரிசல்தான் வரும்.

ஒரு குழியை எப்படிப் படிப்பது

புனே பக்கத்துக் குவாரித் துண்டு ஒன்றில், கொட்டைப்பாக்கு அளவு குழி, பாதி நிரம்பியது, இரண்டாகப் பிளந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சுவரை ஒட்டி அரை மில்லிமீட்டர் கரும்பச்சைத் தோல். அதன் மேல் சிறிய ஹ்யூலண்டைட் பட்டைகள், அடிப்பக்கம் பச்சைத் தோலில் பதிந்து, முனை குழியின் நடுவை நோக்கி. இடையிடையே ஸ்டில்பைட் கற்றை, அதன் அடி ஹ்யூலண்டைட்டின் மேல் நிற்கிறது. ஒரே ஒரு அபோஃபிலைட் படிகம் ஸ்டில்பைட்டை ஓரத்தில் விழுங்கியபடி வளர்ந்திருக்கிறது. எல்லாவற்றின் மேலும் ஒரு கால்சைட்.

படிக்கும் விதி எளிது: சுவரில் ஒட்டியது மூத்தது, மேலே உட்கார்ந்தது இளையது, விழுங்கப்பட்டது விழுங்கியதைவிட மூத்தது. ஆகவே களிமண், ஹ்யூலண்டைட், ஸ்டில்பைட், அபோஃபிலைட், கால்சைட். கால்சைட் இருதடவை வந்திருக்கலாம், ஆகையால் பச்சைத் தோலுக்கும் ஹ்யூலண்டைட்டுக்கும் இடையில் வெற்று அச்சு, அதாவது முன்பு இருந்து கரைந்துபோன படிகத்தின் குழிவு, இருக்கிறதா என்று லென்ஸில் தேடுங்கள். ஒரு குழியை வைத்து முடிவு கட்டாதீர்கள். ஒரே ஓட்டத்தில் பல குழிகளில் அதே வரிசை வந்தால்தான் அது வரிசை. குழியில் அகேட் இருந்து அதன் அடியில் மட்டும் கிடைமட்டப் பட்டைகள் இருந்தால் அது படிந்தபோது எது தரைமட்டம் என்பதையும் அதுவே காட்டிவிடும். பாறை பிறகு சாய்ந்ததா என்று அதை வைத்து அளக்கலாம்.

இனி வகைப்படுத்தல்

இடம், பொருள், வரிசை மூன்றும் கையில் வந்த பிறகுதான் தலைப்பு. பெரிய பிரிவுகள் மூன்று போதும். ஒன்று, லாவா ஆறும்போதே அதன் சொந்தச் சூட்டிலும் நீரிலும் நடந்தது. நுண்தளத்தின் மூலைகளில் தேங்கிய கண்ணாடி களிமண்ணாவது, ஆலிவின் மாறுவது போன்றவற்றில் ஒரு பங்கு இதில் வரும். இரண்டு, அடுக்கு புதைந்தபின் சூடான நிலத்தடி நீர் ஊறி நடந்தது, சியோலைட்டுகள் இங்கே. மூன்று, மேற்பரப்பில் மழையும் காற்றும் செய்தது.

இரண்டாவதற்குள் உட்பிரிவு செய்ய ஜார்ஜ் வாக்கர் 1960-இல் கிழக்கு ஐஸ்லாந்தில் காட்டிய வழி இன்றைக்கும் செல்லும். மேலிருந்து கீழே போகப் போகக் குழிகளில் உள்ள சியோலைட் மாறுகிறது: சாபசைட்-தாம்சனைட், அனால்சைம், மெசோலைட்-ஸ்கோலசைட், அதற்கும் கீழே லாமண்டைட். அவர் இதை வைத்து அரித்துப்போன லாவாக் குவியலின் பழைய உயரத்தையே கணித்தார். மேற்குத் தக்காணத்திலும் லாமண்டைட், ஸ்கோலசைட், ஹ்யூலண்டைட் என மண்டலங்களைப் பிரித்திருக்கிறார்கள். மண்டலத்துக்குப் பெயர் வைக்கும்போது அங்கே கிடைக்கிற அழகான கனிமத்தை வைக்காதீர்கள், அந்த மண்டலத்தில் மட்டும் தவறாமல் வருகிற கனிமத்தை வையுங்கள். ஸ்டில்பைட் எங்கும் வரும், அதனால் அது எதையும் பிரிக்காது.

புரோபிலிட்டிக், ஆர்ஜிலிக், ஃபிலிக் என்று செம்புச் சுரங்கக்காரர்கள் பாறை மாற்றத்தின் வகைகளுக்குப் பயன்படுத்தும் பெயர்களைத் தக்காண பசால்ட்டுக்குச் சூட்டுவதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அந்தப் பெயர்கள் மாக்மாவிலிருந்து கிளம்பிய சூடான, சிலசமயம் அமிலக் கரைசல்களைச் சுற்றி உருவானவை. பச்சையாக இருக்கிறது என்பதற்காக ‘புரோபிலிட்டிக்’ என்று எழுதினால் படிக்கிறவர் எபிடோட்டையும் குளோரைட்டையும் ஆல்பைட்டையும் எதிர்பார்ப்பார். உங்கள் கல்லில் இருப்பது குறைந்த சூட்டில் வந்த களிமண்ணாக இருக்கும்.

மைக்ரோஸ்கோப்பும் எக்ஸ்ஆர்டியும்

மெல்லிய வெட்டில் (ஒளி ஊடுருவும்படி தேய்த்த பாறைத் தகடு) சியோலைட்டைக் கண்டுபிடிக்க வழி, அது ஒட்டும் ரெசினைவிட ஒளிவிலகல் குறைந்தது என்பதால் பள்ளமாகத் தெரியும், குறுக்கு முனைவாக்கிகளில் (குறுக்காக வைத்த இரு ஒளி வடிகட்டிகள்) பெரும்பாலும் சாம்பல் நிறத்தைத் தாண்டாது. அனால்சைம் ஏறத்தாழ முழு இருட்டு. குளோரைட் சாம்பலாகவோ வழக்கத்துக்கு மாறான நீலமாகவோ தெரியும்; ஸ்மெக்டைட் அதைவிடத் துலக்கமான நிறங்கள், இழை இழையாக. ஊசிச் சியோலைட்டில் இருட்டும் கோணம் நேராக இருந்தால் நேட்ரோலைட், சாய்ந்திருந்தால் ஸ்கோலசைட். பிளாஜியோகிளேஸுக்குள் பொடிப்பொடியாக மின்னுவது செரிசைட்டா (நுண்ணிய வெள்ளை மைக்கா) களிமண்ணா என்பதை இங்கே முடிவு கட்ட வேண்டாம்.

களிமண்ணுக்குக் கடைசிச் சொல் எக்ஸ்ஆர்டி, அதாவது எக்ஸ் கதிரால் படிக அடுக்குகளின் இடைவெளியை அளக்கும் முறைதான். நுண்துகளைப் பிரித்துக் கண்ணாடித் தட்டில் படியவைத்து மூன்று தடவை ஓட்டச் சொல்லுங்கள்: காய்ந்த நிலை, எத்திலீன் கிளைகால் ஏற்றியபின், 550 டிகிரியில் சூடாக்கியபின். ஸ்மெக்டைட் முதலில் 12 முதல் 15 ஆங்ஸ்ட்ராம் வரை எங்காவது நிற்கும், கிளைகாலில் 17-க்கு விரியும், சூட்டில் 10-க்குச் சரியும். குளோரைட் 14-இல் நின்று எதற்கும் அசையாது. செலடோனைட் மூன்றிலும் 10. கயோலினைட் 7-இல் நின்று சூட்டில் காணாமல் போகும். ஆய்வகம் காய்ந்த நிலையில் ஒரே தடவை ஓட்டி 14 ஆங்ஸ்ட்ராமைப் பார்த்து ‘குளோரைட்’ என்று அனுப்பினால் அதை ஏற்காதீர்கள், மற்ற இரண்டையும் கேட்டு வாங்குங்கள்.

எவ்வளவு மாறியிருக்கிறது, எப்படி எழுதுவது

அளவை எண்ணில் எழுதுங்கள். ‘மிதமாக மாறியது’ என்றால் ஆளுக்கு ஒரு மிதம். நுண்தளத்தில் எத்தனை சதவீதம், குழிகளில் எத்தனை சதவீதம் நிரம்பியது, எந்தப் படிகத்தில் எவ்வளவு மாறியது என்று தனித்தனியாக. இப்படி: ‘ஓட்டத்தின் மேல் ஓடு, குமிழ் 20 சதவீதம், 2 முதல் 15 மி.மீ., பத்தில் எட்டு முழுதும் நிரம்பியவை, சுவரில் நீலப்பச்சை மென்பொருள், காற்றில் 24 மணி நேரம் நிறம் மாறவில்லை, செலடோனைட்டாக இருக்கலாம், அதன் மேல் ஊசிச் சியோலைட், நடுவில் கால்சைட், பொங்கியது, நுண்தளம் சுமார் 10 சதவீதம் பழுப்பு, பிளாஜியோகிளேஸ் தெளிவு.’ கவனித்தது, சோதித்தது, ஊகித்தது மூன்றும் இதில் பிரிந்து நிற்கின்றன பாருங்கள்.

வேதியியலுக்கு அனுப்பும் மாதிரி வேறு, கனிமத்துக்கு அனுப்பும் மாதிரி வேறு. பாறையின் மூல வேதியியல் வேண்டுமென்றால் குழிகளையும் நாளங்களையும் வெட்டி எறிந்துவிட்டு ஓட்டத்தின் நடுப்பகுதியை அனுப்புங்கள். சூட்டில் இழக்கும் எடை 2 சதவீதத்தைத் தாண்டினால் பொட்டாசியம், ருபீடியம், பேரியம் எண்களை நம்பி எதையும் வரையாதீர்கள், அவை தண்ணீரோடு நகர்ந்திருக்கும். டைட்டானியம், சிர்க்கோனியம், நியோபியம், இட்ரியம் ஓரளவு நின்ற இடத்திலேயே நிற்கும். ஆர்கான் முறையில் (பொட்டாசியம் சிதைந்து உண்டான ஆர்கானை அளந்து) வயது கேட்கப் போகிறீர்கள் என்றால் நுண்தளக் கண்ணாடி களிமண்ணாகிவிட்ட மாதிரியை அனுப்பவே வேண்டாம்.

லாமண்டைட் சந்தேகம் உள்ள துண்டை ஈரத்துணியில் சுற்றி மூடிய பையில் வையுங்கள், குளோரோபயைட் துண்டைக் காற்றுப்புகாமல் கட்டுங்கள். ஜல்லிக்கோ சுரங்கப்பாதைக்கோ பார்க்கிற கல் என்றால், களிமண்ணும் லாமண்டைட்டும் எவ்வளவு, அவை குழிக்குள் அடைபட்டிருக்கின்றனவா நுண்தளம் முழுக்கப் பரவியிருக்கின்றனவா என்பதைத் தனி வரியாக எழுதுங்கள். பரவியிருந்தால் கல் நனைந்து காய்ந்து நனைந்து காயும்போது நொறுங்கும், புதிதாக உடைத்தபோது எவ்வளவு உறுதியாகத் தெரிந்தாலும் சரி. சந்தேகமிருந்தால் பத்துப் பதினைந்து துண்டுகளை எத்திலீன் கிளைகாலில் ஊறப்போட்டுச் சில நாட்கள் விரிசல் விடுகிறதா என்று கவனியுங்கள். தென்னாப்பிரிக்காவில் பசால்ட் ஜல்லிக்கு இந்தச் சோதனையைத்தான் வைக்கிறார்கள். குழிகளில் கால்செடனி நிறைய இருந்தால் அதையும் எழுதுங்கள், கான்கிரீட்டில் சிமெண்டின் காரத்தோடு அது வினைபுரியும்.